தாய்மாமன் இல்லாத தலைமுறை: பிறப்புகள் ஏன் குறைகின்றன, குறைவதால் என்ன நேரும்

சென்ற தை மாதம் வடபழனி முருகன் கோயிலில் உறவினர் வீட்டுக் குழந்தை ஒன்றுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவதே நம் வழக்கம். ஆனால் அந்தக் குழந்தையின் தாய் வீட்டுக்கு ஒரே பெண். மாமன் முறைக்கு ஒருவர் வேண்டும் என்பதற்காக, அவளுடைய பெரியப்பா மகனைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்திருந்தார்கள். அவரும் பட்டுப்பாவாடை, தங்கத்தோடு, பழத்தட்டு என்று முறை குறையாமல் வந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். அதுவரை பார்த்தறியாத முகம் என்பதால், ஆசாரி ஊசியை எடுப்பதற்கு முன்பே குழந்தை அழத் தொடங்கி, தாயின் புடவைத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொண்டது.

அந்தப் பெரியப்பா மகனுக்கும் பிள்ளை ஒன்றுதான். இந்தக் குழந்தையும் தனியாகவே வளருமானால், நாளை இவள் பெறும் பிள்ளைக்குத் தாய்மாமனோ சித்தியோ பெரியம்மாவோ இருக்க மாட்டார்கள். தன்னைப் போலவே ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்த ஒருவனை இவள் மணந்தால், அத்தை, சித்தப்பா, பெரியப்பா ஆகிய முறைகளும் அந்த வீட்டில் இல்லாமல் போகும். ஒவ்வோர் உறவுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் மொழி நம்முடையது. இரண்டே தலைமுறையில் அச்சொற்களில் பலவற்றுக்கு ஆள் இல்லாமல் போவது, பிறப்பு விகிதம் குறைவதன் விளைவுகளில் நம் வீட்டுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியும் ஒன்று. செய்திகளில் இது பெரும்பாலும் நாடாளுமன்றத் தொகுதிக் கணக்காகவும் பொருளாதாரக் கணக்காகவும் பேசப்படுகிறது. அவையும் முக்கியமானவையே. எனினும் இந்த மாற்றம் எங்கே தொடங்கியது, ஏன் தொடங்கியது என்பதை முதலில் சரியாகப் புரிந்துகொண்டால்தான் மற்றவற்றை அஞ்சாமல் பேச முடியும்.

மக்கள்தொகை அறிஞர்கள் இதற்குப் பயன்படுத்தும் அளவை மொத்தக் கருவுறுதல் விகிதம் என்கிறார்கள். இன்றுள்ள நிலைமையே நீடித்தால் ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை குழந்தைகள் பெறுவாள் என்பதே அது. ஒரு தலைமுறை தன் அளவுக்கு இன்னொரு தலைமுறையை விட்டுச்செல்ல இந்த எண் சுமார் 2.1 ஆக இருக்க வேண்டும். தாய், தந்தை என்ற இருவருக்கு ஈடாக இரண்டு போதாதா என்று கேட்கலாம். பிறக்கும் குழந்தைகளில் ஆண்கள் சற்றுக் கூடுதலாக இருப்பதும், பெண் குழந்தைகளில் சிலர் தாயாகும் வயதை எட்டாமல் இறந்துவிடுவதும் அந்தச் சிறு கூடுதலுக்குக் காரணம். 1960-களில் உலகச் சராசரி ஐந்துக்கு அருகில் இருந்தது. ஐ.நா. 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் அது 2.25 ஆக இறங்கிவிட்டது. உலக நாடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை 2.1-க்குக் கீழே சென்றுவிட்டன. தென்கொரியா 2023-இல் 0.72 என்ற அளவைத் தொட்டது. சீனாவின் மக்கள்தொகை 2022-இல், 1961-க்குப் பிறகு முதல் முறையாகக் குறைந்தது. ஜப்பானில் 2024-இல் பிறந்த குழந்தைகள் ஏழு லட்சத்துக்கும் குறைவு. தேர்ந்தெடுத்த இடங்களில் பிறப்பு இறப்புகளைப் பதிந்து கணக்கிடும் இந்திய அரசின் மாதிரிப் பதிவு முறையின் 2023-ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டின் விகிதம் 1.9, தமிழ்நாட்டின் விகிதம் 1.3.

1.3 என்பது சிறிய பின்னம் போலத் தோன்றும். நூறு தம்பதியரை, அதாவது இருநூறு பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களுக்கு 130 பிள்ளைகள், ஏறத்தாழ 85 பேரப்பிள்ளைகள். தென்கொரியாவின் விகிதத்தில் அதே இருநூறு பேருக்கு 72 பிள்ளைகள், 26 பேரப்பிள்ளைகள். அப்படியிருந்தும் சென்னையில் கூட்டம் குறைந்ததாக யாரும் உணர்வதில்லை. விகிதம் அதிகமாக இருந்த காலத்தில் பிறந்தவர்கள் பெருந்தொகையாக இன்று பெற்றோராகும் வயதில் இருப்பதும், முதியவர்கள் முன்னைவிட நீண்ட காலம் வாழ்வதும், வெளியூர்களிலிருந்து ஆட்கள் வந்து குடியேறுவதும் சேர்ந்து எண்ணிக்கையைத் தாங்கிப் பிடிக்கின்றன. ஓடுகிற ரயிலின் எஞ்சினை நிறுத்திய பிறகும் பெட்டிகள் சிறிது தூரம் உருண்டுபோவதைப் போன்றது இது. உலகத்துக்கும் இதே கணக்குத்தான். தற்போது எண்ணூறு கோடியைத் தாண்டியுள்ள மக்கள்தொகை 2080-களின் நடுவில் சுமார் 1,030 கோடியை எட்டிவிட்டுப் பிறகு மெல்லக் குறையத் தொடங்கும் என்று ஐ.நா. கணிக்கிறது.

காரணங்களில் முதலாவது, குழந்தைகள் பிழைக்கத் தொடங்கியது. நம் பாட்டிமாரைக் கேட்டால் “பெத்தது எட்டு, தங்கினது நாலு” என்று சொல்வார்கள். அந்த “தங்கினது” என்ற சொல்லில் ஒரு காலத்தின் துயரம் முழுதும் அடங்கியிருக்கிறது. எத்தனை தங்கும் என்று தெரியாத வீட்டில், எண்ணிப் பெற வேண்டும் என்ற எண்ணமே எழாது. 1971-இல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணாமல் இறந்தன. 2020-இல் அந்த எண் 13. ஆரம்ப சுகாதார நிலையங்கள், வீடுவீடாக வரும் கிராம சுகாதாரச் செவிலியர்கள், தடுப்பூசி, 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம், பிரசவங்களில் ஏறத்தாழ அனைத்தும் மருத்துவமனைக்கு வந்தது ஆகியவையெல்லாம் சேர்ந்து செய்த பணி இது. பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் இரண்டோடு நிறுத்தும் துணிவு தாய்மார்களுக்கு வந்தது. இந்த வரிசையை மறந்துவிட்டுப் பிறப்பு விகிதக் குறைவை ஒரு நோயாக மட்டும் பேசுவது, அந்த நூறு குழந்தைகளின் உயிரைக் கணக்கில் எடுக்காத பேச்சாகவே எனக்குப் படுகிறது.

இரண்டாவது காரணம் பெண்களின் கல்வியும், தன் உடலைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமையும். இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1930-களிலேயே பெரியார் கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதினார். நாட்டின் வறுமையையும் தாயின் உடல்நலத்தையும் காரணம் காட்டி மற்றவர்கள் அதை வலியுறுத்தியபோது, பெண்கள் சுதந்திரமாக வாழ்வதற்கே அது தேவை என்று அவர் வாதிட்டார். இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாகத் தொடங்கியது 1952-இல். அதன்பின் அத்திட்டத்தின் சின்னமான சிவப்பு முக்கோணமும் “நாம் இருவர் நமக்கு இருவர்” என்ற வாசகமும் மருத்துவமனைச் சுவர்களிலும் லாரிகளின் பின்புறத்திலும் ஏறின. சில ஆண்டுகளில் அந்த “இருவர்” பல இடங்களில் “ஒருவர்” ஆனது. தமிழ்நாடு 1990-களிலேயே 2.1 என்ற எல்லையை ஒட்டி வந்துவிட்டது.

ஆயினும் அந்த வெற்றியின் பாரத்தைச் சுமந்தவர்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் குழந்தை பெறும் வயதிலுள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. ஆண்களுக்கான சிகிச்சை அதைவிட எளியது, அன்றே வீடு திரும்பக்கூடியது. இருந்தும் “அவருக்கு வேலைக்குப் போகணும், நானே செஞ்சுக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் பிரசவத்தோடு சேர்த்து அதையும் முடித்துக்கொண்டவர்கள் நம் அம்மாக்களும் அத்தைகளும். இப்போது இன்னும் பெற்றுக்கொள்ளுங்கள் என்ற அறிவுரையும் அதே பெண்களின் மகள்களை நோக்கித்தான் வருகிறது.

ஆறிலிருந்து இரண்டுக்கு இறங்கியதன் காரணங்கள் வேறு, இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்குவதன் காரணங்கள் வேறு. இந்த வேறுபாடு பலருடைய வாதங்களில் கலங்கிப்போகிறது. முதல் இறக்கத்தில் பெண்கள் தாங்கள் விரும்பாத பேறுகளிலிருந்து விடுபட்டார்கள். இரண்டாவது இறக்கத்தில், விரும்பும் பிள்ளையைப் பெற முடியாமல் போகிறவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். ஐ.நா. மக்கள்தொகை நிதியம் இந்தியா உள்ளிட்ட 14 நாடுகளில் நடத்திய கருத்தாய்வின் முடிவுகள் 2025-இல் வெளிவந்தன. அதில் நூற்றுக்கு 39 பேர், தாம் விரும்பிய அளவுக்குக் குழந்தை பெறாததற்கு அல்லது பெற முடியாததற்குப் பணப் பற்றாக்குறையைக் காரணமாகக் கூறினர்.

அந்தக் கணக்கைச் சென்னையில் எந்த நடுத்தரக் குடும்பத்திலும் கேட்கலாம். பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகம் ஒன்றில் வேலைசெய்யும் எனக்குத் தெரிந்த ஒரு தம்பதியர் மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு இருபது ஆண்டுத் தவணை கட்டுகிறார்கள். மகன் யு.கே.ஜி. படிக்கிறான். காலை எட்டு மணிக்கு வேன் வரும்; பன்னிரண்டரைக்கு அவனைத் திருப்பிக் கொண்டுவந்து விடும். அதன் பிறகு மாலை ஏழு வரை பார்த்துக்கொள்பவர் அறுபத்தேழு வயதான பாட்டி. அவருக்கு மூட்டுவலி, வேன் ஹாரன் கேட்டதும் இரண்டாம் மாடியிலிருந்து படியைப் பிடித்துப் பிடித்து இறங்குகிறார். “இன்னொண்ணு பெத்துக்கலாம்னு ஆசைதான் அண்ணா, ஆனா அம்மாவால இன்னொரு குழந்தையைத் தூக்க முடியாது” என்றாள் அந்தப் பெண். பணத்தைவிடப் பெரிய காரணமாக அவள் சொன்னது தன் தாயின் முழங்காலை. கூட்டுக்குடும்பம் கலைந்தபோது குழந்தை பார்க்கும் கைகள் போயின. அவற்றுக்குப் பதிலாகப் பொது ஏற்பாடு எதுவும் வரவில்லை. கையில் மிஞ்சியிருப்பது ஒரு பாட்டியின் உடல்நலம் மட்டுமே.

வீட்டு வேலை பங்கிடப்படாததும் இதோடு சேர்கிறது. 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுவதாகத் தெரியவந்தது. படித்து, வேலைக்குப் போய், திரும்பி வந்து ஐந்து மணி நேரம் வீட்டுக்கும் உழைக்க வேண்டிய பெண் இரண்டாம் குழந்தைக்குத் தயங்குவதில் வியப்பில்லை. கிழக்காசியாவில் இந்தத் தயக்கம் ஒரு படி மேலே போய்த் திருமணத்தையே தவிர்ப்பதாக மாறியிருக்கிறது. தென்கொரியாவில் நீண்ட வேலை நேரம், சியோலின் வீட்டு விலை, பிள்ளைகளைத் தனிப்பயிற்சி நிலையங்களுக்கு அனுப்பும் கடும் செலவு, மணமான பெண்ணிடம் மாமியார் வீடு எதிர்பார்க்கும் பணிவிடை ஆகியவை ஒன்றுகூடின. அங்கே மணமாகாமல் குழந்தை பெறுவது மிக அரிது என்பதால், திருமணம் குறைந்த வேகத்திலேயே பிறப்பும் குறைந்தது. நாமும் அவ்வழக்கத்தில் கொரியாவைப் போன்றவர்களே. ஆகவே இங்கு திருமண வயது தள்ளிப்போவது பிறப்பு விகிதத்தை நேராகத் தாக்குகிறது. முப்பத்தைந்தைக் கடந்து முயல்பவர்களில் ஒரு பகுதியினர் கருத்தரிப்பு மையங்களின் வாசலில் நிற்கிறார்கள். தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990-இல் பிறந்த சென்னையில் இன்று அத்தகைய மையம் இல்லாத பெரிய சாலை அரிதாகிவிட்டது.

பணமும் பராமரிப்பும் மட்டுமே காரணம் என்று முடித்துவிடவும் முடியாது. நீண்ட பேறுகால விடுப்பு, மலிவான குழந்தைக் காப்பகம், வீட்டு வேலையில் பங்கெடுக்கும் கணவர் ஆகிய அனைத்தும் உள்ள பின்லாந்தில் 2024-இல் விகிதம் 1.25. நல்ல ஏற்பாடுகள் விகிதத்தைப் பழையபடி இரண்டுக்கு மேல் ஏற்றிவிடும் என்று யாரும் உறுதி கூற இயலாது. குழந்தை இல்லாத வாழ்க்கையும் முழுமையான வாழ்க்கைதான் என்று மனமறிந்து முடிவெடுப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். அந்த முடிவில் அரசுக்கு வேலையில்லை. பெற விரும்பியும் முடியாதவர்களுக்கு உதவுவது கடமை. அந்த உதவியால் விகிதம் எவ்வளவு ஏறும் என்பது இரண்டாம் பட்சமான கேள்வி என்பதே என் கருத்து.

கட்டாயம் என்ன செய்யும் என்பதற்கு வரலாற்றில் கசப்பான சான்று உண்டு. ருமேனியாவில் 1966-இல் கம்யூனிஸ்ட் ஆட்சியாளர் சௌசெஸ்குவின் அரசு கருக்கலைப்பைத் தடைசெய்து கருத்தடைச் சாதனங்களையும் எட்டாமல் ஆக்கியது. மறுஆண்டு விகிதம் ஏறத்தாழ இருமடங்காகி, சில ஆண்டுகளில் மீண்டும் சரிந்தது. சட்டத்துக்கு மறைவாகக் கருக்கலைக்கப் போய் ஆயிரக்கணக்கான பெண்கள் மாண்டார்கள். அநாதை இல்லங்கள் நிரம்பி வழிந்தன. 1989-இல் ஆட்சி கவிழ்ந்ததும் முதலில் நீக்கப்பட்டவற்றுள் அந்தச் சட்டமும் ஒன்று. தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில் 1970-களில் “இரண்டோடு நிறுத்துங்கள்” என்று பிரசாரம் செய்த அரசு, 1987-இல் வசதி இருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளுங்கள் என்று மாற்றிக் கூறியது. 2001 முதல் குழந்தைக்கென்று ரொக்கத் தொகையும் கொடுத்துவருகிறது. 2023-இல் அங்கே விகிதம் 0.97. ஒரு குழந்தைக் கொள்கையை 2015-இல் கைவிட்ட சீனா, 2021-இல் மூன்று வரை அனுமதித்தும் பயன் காணவில்லை. சிறுகுடும்பத்துக்கு ஒருமுறை பழகிய சமூகம் அறிக்கைகளைக் கேட்டுத் திரும்புவதில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு சூடுபிடித்தது 2024 அக்டோபரில். சென்னையில் நடந்த திருமண விழாவில் அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், “பதினாறும் பெற்று” என்ற வாழ்த்தைச் சுட்டி, தொகுதிகள் குறையும் நிலை வருமானால் பதினாறு பிள்ளைகள் பெறலாமே என்று எண்ணத் தோன்றுகிறது என்ற பொருளில் பேசினார். பதினாறு என்பது செல்வங்களின் எண்ணிக்கையே தவிரப் பிள்ளைகளின் எண்ணிக்கை அன்று என்பதையும் அவரே விளக்கினார். மக்களவை இடங்கள் மக்கள்தொகையை வைத்தே மாநிலங்களுக்குப் பங்கிடப்படுவதால், அப்பேச்சின் பின்னே இருக்கும் கவலை நியாயமானது. 1967-இல் மக்களவையில் சென்னை மாநிலத்தின் இடங்கள் 41-இலிருந்து 39 ஆகக் குறைக்கப்பட்டதை இந்த மாநிலம் மறக்கவில்லை. 1976-இல் 42-ஆவது திருத்தம் 1971 கணக்கெடுப்பின்படி இருந்த இட எண்ணிக்கையை மாற்றாமல் நிலைநிறுத்தியது. 2001-இல் 84-ஆவது திருத்தம் அதை 2026-க்குப் பின் நடக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. நாட்டின் மக்கள்தொகையில் தமிழ்நாட்டின் பங்கு 1971-இல் ஏழரை விழுக்காடு, 2011-இல் ஆறு விழுக்காடு. சொன்னதைச் செய்த மாநிலம் அதனாலேயே குரல் இழப்பது அநீதி. அந்த அநீதியை அரசியல் சட்டத்தில்தான் சரிசெய்ய வேண்டும். அதற்கான விலையைப் பிரசவ வார்டில் கேட்கக் கூடாது.

விளைவுகளில் மிகப் பெரியது முதுமை. 65 வயதைக் கடந்தவர்களின் பங்கு ஏழு விழுக்காட்டிலிருந்து பதினான்காக உயரப் பிரான்சுக்கு 115 ஆண்டுகள் பிடித்தன. ஜப்பானுக்கு 24 ஆண்டுகளே ஆயின. பிரான்சு அந்த இடைவெளியில் செல்வமும் ஓய்வூதிய ஏற்பாடும் சேர்த்துக்கொண்டது. ஜப்பானும் முதுமை வருமுன் பணக்கார நாடாகியிருந்தது. 60 வயதைக் கடந்தவர்கள் தமிழ்நாட்டில் 2011-இல் நூற்றுக்குப் பத்துப் பேர். 2031-இல் பதினெட்டுப் பேர் என்று தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் அறிக்கை கணிக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் கட்டடத்திலும் வயலிலும் கடையிலும் உழைத்தவர்கள். ஓய்வூதியம் என்று அவர்களுக்கு இருப்பது பிள்ளைகள்தான். ஒரே பிள்ளை பெங்களூரிலோ டெக்சாசிலோ இருக்கும்போது, மயிலாப்பூர் அடுக்ககத்தில் குளியலறையில் வழுக்கி விழும் அப்பாவை யார் தூக்குவது என்ற கேள்வி இன்று பல வீடுகளில் எழுந்துவிட்டது. அறுவைச் சிகிச்சைக்குப் பணம் அனுப்பும் பிள்ளைகூட, இரவில் பக்கத்தில் படுத்திருக்க ஒரு தம்பியோ தங்கையோ இல்லையே என்று தவிக்கிறான். முதியோருக்கான வீட்டுப் பராமரிப்பைப் பயிற்சியும் மரியாதையும் உள்ள தொழிலாக்குவது குறித்து இங்கே பேசப்படுவது மிகக் குறைவு. அடுத்த இருபது ஆண்டுகளில் இதைவிட அவசரமான வேலை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

பள்ளிகளில் மாற்றம் ஏற்கெனவே தெரிகிறது. பிள்ளைகள் குறைந்ததாலும், இருப்பவர்களும் தனியார் பள்ளிகளுக்குப் போவதாலும், ஒற்றை இலக்கத்தில் மாணவர்கள் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகள் பல மாவட்டங்களில் உண்டு. பழைய கொள்கையின் எச்சங்களும் இன்னும் விதிகளில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டு குழந்தைகளுக்கு மேல் பேறுகால விடுப்பு இல்லை என்ற விதியைக் காட்டி விடுப்பு மறுக்கப்பட்ட தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம்தான் விடுப்பு வழங்க உத்தரவிட்டது. குழந்தை பெறுங்கள் என்று மேடையில் கேட்கும் அதே காலத்தில், பெற்றவளுக்கு விடுப்பு மறுக்கும் விதியும் நடைமுறையில் இருந்தது.

உழைக்கும் கைகளைப் பொறுத்தவரை, குறைவை இப்போதைக்கு வடமாநிலத் தொழிலாளர்கள் ஈடுசெய்கிறார்கள். மெட்ரோ ரயில் பணி, அம்பத்தூர்ப் பட்டறை, உணவகச் சமையலறை என்று சென்னையில் அவர்கள் இல்லாத இடமில்லை. அவர்களுடைய பிள்ளைகள் மாநகராட்சிப் பள்ளிகளில் அ, ஆ எழுதிப் பழகுகிறார்கள். வீட்டில் இந்தியும் ஒடியாவும், தெருவில் தமிழும் பேசுகிறார்கள். வந்தவர்களைத் தற்காலிக ஆட்களாகவே வைத்திருப்பதா, குடும்பத்தோடு நிலைக்க இடம் கொடுப்பதா என்பதை இந்த மாநிலம் இன்னும் முடிவுசெய்யவில்லை. அந்த முடிவுக்குக் காலமும் அதிகமில்லை; ஆட்களை அனுப்பும் மாநிலங்களிலும் பிறப்பு குறைகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2015-16-இல் 3.4 ஆக இருந்த பீகாரின் விகிதம் 2019-21-இல் 3.0 ஆனது. 2023-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு அறிக்கையில் அது 2.8. அங்கேயும் குழந்தைகள் தங்கத் தொடங்கிவிட்டன, பெண்கள் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள்.